இரவு ரயிலும் வைகறைத் தொழுகையும்



பயணம் வேதனையின் ஒரு பகுதியாகும் என்றும், அது மனிதனின் உறக்கத்தையும் உணவையும் நீரையும் தடை செய்துவிடுகிறது என்றும், சென்ற காரியம் முடிந்ததும் விரைந்து இல்லம் திரும்புவதே நலம் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். ஒட்டகத்தின் மீதமர்ந்து பாலையைக் கடந்த மக்களுக்குச் சொல்லப்பட்ட இந்த உண்மை, எழுபத்திரண்டு படுக்கைகள் கொண்ட ரயில் பெட்டியில் இரவெல்லாம் குலுங்கிச் செல்லும் நமக்கும் முற்றிலும் பொருந்துகிறது.

ரயில் பயணத்தின் துன்பம் முன்னாட்களைவிட எவ்வளவோ குறைந்திருப்பது மெய்தான். 1974-ஆம் ஆண்டு மூன்றாம் வகுப்பு என்பதே ஒழிக்கப்பட்டது. 1977 முதல் 1979 வரை மது தண்டவதே ரயில்வே அமைச்சராக இருந்த காலத்தில், வெறும் பலகையாக இருந்த இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு மெத்தை வந்தது. ஆயினும், முன்பின் அறியாத எட்டுப் பேர் ஒரு சிறு இடத்தில் இரவைக் கழிக்க வேண்டிய நிலை இன்றும் மாறவில்லை. அங்கேதான் ஒரு முஸ்லிமின் வணக்கமும் குணமும் ஒருசேரச் சோதிக்கப்படுகின்றன.

அண்ணாமலை வழியே

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடிக்குச் செல்லும் இருப்புப் பாதையை எண்ணிப் பாருங்கள். அவ்வழியே இரவில் ஓடும் வண்டிகளில் பலதரப்பட்ட மக்கள் பயணம் செய்கிறார்கள். 1900-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நோயாளிகளை அழைத்துச் செல்வோர் இருப்பார்கள். அஃலா ஹஜ்ரத் அப்துல் வஹ்ஹாப் அவர்கள் நிறுவிய வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியில் ஓதச் செல்லும் மாணவர்கள் இருப்பார்கள். திருப்பதி செல்லும் யாத்திரிகர்களும் இருப்பார்கள்.

பௌர்ணமி இரவென்றால் கேட்கவே வேண்டாம். மலையின் மேற்குப் புறத்திலுள்ள அடி அண்ணாமலை வழியாகப் பதினான்கு கிலோமீட்டர் தூரம் வெறுங்காலுடன் கிரிவலம் வந்த மக்கள், திருவண்ணாமலை நிலையத்தில் கூட்டங்கூட்டமாக ஏறுவார்கள். இதற்கெனவே ரயில்வே நிர்வாகம் சிறப்பு வண்டிகள் விடுவதும் உண்டு.

இப்போது ஒரு நிலையைக் கற்பனை செய்து பாருங்கள். நோயுற்ற தாயாரை வேலூருக்கு அழைத்துச் செல்கிறீர்கள். சுபுஹு வக்து வந்துவிட்டது. எழுந்து பார்க்கிறீர்கள். இரு வரிசைப் படுக்கைகளுக்கும் நடுவிலுள்ள சிறிய இடத்தில், கிரிவலம் முடித்து வந்த மூதாட்டி ஒருவர், இடமில்லாமல் தரையிலேயே சுருண்டு உறங்குகிறார். முஸல்லாவை விரிக்க வேறு இடமில்லை. கதிரவன் உதிக்கும் நேரமோ நெருங்குகிறது. என்ன செய்வீர்கள்?

இது எங்கோ நடக்கும் கதையன்று. இரவு ரயிலில் செல்லும் தொழுகையாளி ஒவ்வொருவருக்கும் ஏதேனும் ஒரு வடிவில் எதிர்ப்படும் கேள்வியாகும்.

பக்கத்தில் இருப்பவரின் உரிமை

திருமறையின் நான்காம் அத்தியாயம் 36-ஆம் வசனத்தில், அல்லாஹ்வை மட்டுமே வணங்க வேண்டும் என்ற கட்டளையை அடுத்து, யார் யாருக்கு நன்மை செய்ய வேண்டும் என்ற பட்டியல் வருகிறது. பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், உறவுள்ள அண்டை வீட்டார், அந்நிய அண்டை வீட்டார் ஆகியோரைக் கூறியபின், பக்கத்தில் இருக்கும் தோழரையும் இறைவன் குறிப்பிடுகிறான். இச்சொல்லுக்கு விரிவுரையாளர்கள் சிலர் தந்துள்ள பொருள், பயணத்தில் உடன் வருபவர் என்பதாகும்.

சிந்தியுங்கள்! வீட்டுக்கு அடுத்த வீட்டார் ஆயுள் முழுவதும் அண்டை வீட்டார். ரயிலில் அடுத்த படுக்கையில் இருப்பவரோ ஓர் இரவு மட்டுமே அண்டை வீட்டார். அந்த ஓர் இரவின் உறவையும் இறைவன் மறக்கவில்லை. அவர் எந்த மதத்தவர், எந்த ஊரினர் என்ற நிபந்தனையும் அங்கே இடப்படவில்லை. வணக்கத்துக்கான கட்டளையும் பக்கத்திலிருப்பவருக்கான கட்டளையும் ஒரே வசனத்தில் இணைந்து நிற்கின்றன. ஆகவே, ஒன்றை நிறைவேற்ற மற்றொன்றை மிதித்துச் செல்வது அறிவுடைமை ஆகாது.

மார்க்கம் தந்த சலுகைகள்

பயணிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகைகளை அறிந்திருந்தால், இத்தகைய நெருக்கடிகளில் பாதி தாமாகவே நீங்கிவிடும். நான்கு ரக்அத் தொழுகைகளாகிய லுஹர், அசர், இஷா ஆகியவற்றை முஸாபிர் இரண்டாகச் சுருக்கித் தொழலாம். மஃரிபுக்கும் சுபுஹுக்கும் இச்சுருக்கம் இல்லை. அச்சம் நீங்கிய காலத்திலும் இச்சலுகை உண்டா என உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, இது இறைவன் வழங்கிய தர்மம், அதனை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். எவ்வளவு தூரம் சென்றால் ஒருவர் முஸாபிர் ஆவார் என்பதை மத்ஹபு நூல்கள் விவரிக்கின்றன. இரவு முழுவதும் ஓடும் ரயில் பயணம் அத்தூரத்தை எளிதில் தாண்டிவிடும்.

ஷாபிஈ மத்ஹபில் மஃரிபையும் இஷாவையும் ஒரே வக்தில் சேர்த்துத் தொழவும் பயணிக்கு அனுமதி உண்டு. மஃரிபைப் பிற்படுத்தி இஷாவுடன் சேர்ப்பதானால், மஃரிபின் வக்துக்குள்ளேயே அதற்கான நிய்யத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஹனபி மத்ஹபில் ஹஜ்ஜின்போது அரபாவிலும் முஜ்தலிபாவிலும் அன்றி இவ்வாறு சேர்ப்பது இல்லை. எனினும், மஃரிபை அதன் கடைசி நேரத்திலும் இஷாவை அதன் ஆரம்ப நேரத்திலும் தொழுதுகொள்ள வழியுண்டு. ஒன்றை மறவாதீர்கள். சொந்த ஊரின் எல்லையைக் கடந்த பின்னரே இச்சலுகைகள் தொடங்கும். வீட்டில் இருந்துகொண்டே கஸ்ர் தொழுதுவிட்டு ரயிலுக்குப் புறப்படுவது முறையன்று.

இஷாவை இரவு பத்து மணிக்கு முன்பே முடித்துக்கொள்வது நன்று. இரவு பத்து முதல் காலை ஆறு வரை நடுப் படுக்கையை விரித்துக்கொள்ளும் உரிமை, அதற்குரிய பயணிக்கு ரயில்வே விதிப்படி உண்டு. அது விரிக்கப்பட்டபின் கீழ்ப் படுக்கையில் நிமிர்ந்து உட்காரவும் இயலாது.

ஒரு போத்தல் நீர்

அடுத்து, ஒளுவைப் பற்றிப் பார்ப்போம். ரயில் பெட்டியில் நீர் இருக்கும்போது தயம்மும் செய்ய இடமில்லை. ஆனால், அந்நீர் ஒரு தொட்டியில் அடங்கியது. அதைக் கொண்டுதான் பெட்டியிலுள்ள எல்லோரும் காலைக் கடனை முடித்தாக வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில், அதாவது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு நீரில், ஒளுச் செய்திருக்கிறார்கள். ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் நீரை வீணாக்கலாகாது என்பதும் நபிமொழி. எனவே, வீட்டிலிருந்து ஒரு லிட்டர் போத்தலில் நீர் கொண்டு செல்லுங்கள். ஒளுவுக்கு அதுவே தாராளம். கை கழுவும் தொட்டியின் மேல் காலைத் தூக்கி வைத்துக் கழுவுவது, பின்னால் முகம் கழுவ வருபவருக்கு அருவருப்பைத் தரும். கழிவறையின் உள்ளே நின்று போத்தல் நீரால் கால்களைக் கழுவிக்கொண்டால் யாருக்கும் இடையூறில்லை.

திசை அறிதல்

திருவண்ணாமலைப் பகுதியிலிருந்து கிப்லா நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து ஏறத்தாழ 19 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வரை வண்டி பெரும்பாலும் வடமேற்காக ஓடுகிறது. அப்போது கிப்லா ஏறக்குறைய எஞ்சின் இருக்கும் பக்கமே ஆகிவிடுகிறது. அத்திசையை நோக்கி நின்றால் எதிரே படுக்கைதான் இருக்கும். நடைபாதையில் நின்றாலோ போவோர் வருவோருக்குத் தடையாகும். திருவண்ணாமலையைக் கடந்ததும் வண்டி வேலூரை நோக்கி வடக்கே திரும்புகிறது. அப்போது கிப்லா இடக்கைப் பக்கம் வந்துவிடும். படுக்கைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி பெட்டியின் குறுக்கே அமைந்திருப்பதால், முஸல்லாவை அங்கே நேராக விரிக்கலாம். வக்து மிச்சமிருப்பின் அதுவரை பொறுத்திருப்பது எவ்வளவு எளிது! தென் மாவட்டங்களிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் வண்டிகளுக்கும் பெரும்பாலும் இக்கணக்கே பொருந்தும். திரும்பி வரும்போது வலக்கைப் பக்கம் என்று கொள்ளுங்கள்.

சுன்னத்தான தொழுகைகளைப் பெருமானார் (ஸல்) அவர்கள் வாகனத்தின் மீதமர்ந்து, அது செல்லும் திசையிலேயே தொழுதிருக்கிறார்கள். பர்ளுக்கோ இறங்கிக் கிப்லாவை முன்னோக்கினார்கள். நம் முன்னோர்களான மரக்காயர்கள் கடலோடிகள். மரக்கலத்தில் தொழுவதற்கு பிக்ஹு நூல்களில் கூறப்பட்ட சட்டங்களே இன்று ரயிலுக்கும் அடிப்படையாக எடுத்தாளப்படுகின்றன. நிற்க இயன்றவர் நின்று தொழ வேண்டும். இயலாதவர் உட்கார்ந்து தொழலாம். வண்டி வளைந்து திசை மாறினால் தொழுகையிலேயே திரும்பிக்கொள்ள வேண்டும். நிற்கவோ கிப்லாவை நோக்கவோ வழியே இல்லாதபோது, வக்தின் கண்ணியத்துக்காக இயன்றபடி தொழுதுவிட்டுப் பின்னர் மீட்டித் தொழுமாறு ஷாபிஈ நூல்கள் கூறுகின்றன. அவரவர் மத்ஹபின்படி ஊர் ஆலிம்களிடம் முன்னதாகவே கேட்டறிந்து கொள்வது சிறப்பு.

அந்த மூதாட்டியும் நாமும்

இனி, நம் கேள்விக்கு வருவோம். மே, ஜூன் மாதங்களில் இப்பகுதியில் சூரியன் 5.45 மணி அளவிலேயே உதித்துவிடுகிறது. நடுப் படுக்கைகள் மடக்கப்படும் ஆறு மணிக்காகக் காத்திருந்தால் சுபுஹு களாவாகிவிடும். ஜனவரி இறுதியிலோ உதயத்துக்கு 6.35 மணி ஆகும். அப்போது சற்றுப் பொறுக்கலாம். எனவே, புறப்படும் நாளின் உதய நேரத்தை அறிந்து வைத்திருப்பது தொழுகையாளியின் கடமை.

நேரம் இருந்தால் அம்மூதாட்டியை எழுப்பாதீர்கள். ஓர் ஓரப் படுக்கைக்காரர் எழுந்துவிட்டால், அப்படுக்கையை மடக்கி அமரும் இடத்தையோ அதன் அருகிலுள்ள இடத்தையோ அவரிடம் கேட்டுப் பாருங்கள். நேரம் குறுகிவிட்டால், அம்மையாரை மெல்ல அழைத்து, "அம்மா, ஐந்து நிமிடம் தொழுதுகொள்கிறேன். அதுவரை என் படுக்கையில் அமருங்கள். பிறகும் அங்கேயே படுத்துக்கொள்ளுங்கள்" என்று கூறுங்கள். இடத்தைக் கேட்பவர் அதைவிட நல்ல இடத்தைக் கொடுத்துவிட்டுக் கேட்டால், மறுப்பவர் யார்? மலையை வலம் வந்து களைத்த அவருக்கு ஒரு மெத்தையும், உங்களுக்கு இரண்டு ரக்அத்துக்கான தரையும் கிடைத்துவிடும்.

தொழுகையையும் சுருக்கமாக நிறைவேற்றுங்கள். குழந்தையின் அழுகுரல் கேட்டதும், அதன் தாய்க்குச் சிரமம் நேரலாகாதென்று தொழுகையைச் சுருக்கிக்கொண்ட நபியின் உம்மத் அல்லவா நாம்? நீண்ட சூராக்களை வீட்டில் ஓதிக்கொள்ளலாம். குரலையும் தாழ்த்துங்கள். பள்ளிவாசலிலேயே ஒருவர் ஓதுவது மற்றவருக்கு இடையூறாகலாகாது என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்க, உறங்குவோர் நடுவில் உரக்க ஓதுவது எங்ஙனம் தகும்? கைபேசியில் பாங்கு ஒலிக்க வைத்துப் பெட்டி முழுவதையும் எழுப்புவதைக் காட்டிலும், அதை அதிர்வில் வைத்துத் தலைக்கடியில் வைத்துக்கொள்வதே பண்பு.

சொல்லாமல் சொல்லும் பிரசாரம்

பாதையில் கிடக்கும் தீங்கு தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. அப்படியிருக்க, நடைபாதையில் மூட்டைகளை அடுக்கி வைப்பது எந்தக் கிளையைச் சேர்ந்தது? உங்களுக்குக் கீழ்ப் படுக்கையும், எதிரேயுள்ள முதியவருக்கு மேல் படுக்கையும் அமைந்துவிட்டால், அவர் கேட்கும் முன்பே மாற்றிக்கொடுங்கள். நாளை உங்கள் தாயாருக்கு வேறொருவர் மாற்றிக்கொடுப்பார். உணவுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது பக்கத்திலிருப்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள். விரதம் இருப்பவராகவோ புலால் உண்ணாதவராகவோ இருந்தால், சற்று ஒதுங்கி அமர்ந்து உண்ணுங்கள்.

ஓர் இரவு உடன் பயணம் செய்தவர் காலையில் இறங்கிச் செல்லும்போது, தொழுகையாளி ஒருவருடன் வந்ததால் தமக்குத் தொல்லை நேர்ந்தது என எண்ணிச் சென்றால், அது நம் தொழுகைக்குப் பெருமையாகுமா? நன்மை நேர்ந்தது என எண்ணிச் சென்றால், அதைவிட மேலான அறிமுகம் இஸ்லாத்துக்கு வேறென்ன வேண்டும்?

வாகனத்தை நமக்கு வசப்படுத்தித் தந்த வல்ல நாயன், நம் பயணங்களைப் பாதுகாப்பானவையாகவும், நம் தொழுகைகளை உரிய வேளையில் நிறைவேறுபவையாகவும், நம்மை உடன் பயணிப்போருக்கு நிம்மதி தருபவர்களாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.