கோடுகளைப் பார்த்துச் சிரித்தேன்



ரயில்வேயில் பணியாற்றிய காலத்தில் நான் இழுத்த கோடுகளுக்குக் கணக்கே கிடையாது. டிராயிங் போர்டில் டிரேசிங் தாளை விரித்து, டி-ஸ்கொயரை நகர்த்தி, மைப்பேனாவால் பாலத்தின் வரைபடம் போடுவோம். மை பரவினால் பிளேடால் சுரண்ட வேண்டும். அதைக் கலை என்று எவரும் சொன்னதில்லை.

ஆகவே, வைட்ஃபீல்டில் பள்ளிக்கூடம் போகும் என் பேத்தி ஒரு புத்தகத்தைக் காட்டி, "தாத்தா, இது ஓவியம்" என்றபோது சிரித்துவிட்டேன். தாளில் மெல்லிய கோடுகளைத் தவிர வேறொன்றுமில்லை!

வரைந்தவர் நஸ்ரீன் மொஹமதி. 1937-இல் கராச்சியில் பிறந்து, லண்டனில் பயின்று, 1972 முதல் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். அவர் கையாண்டதும் நம்மைப் போல் ஸ்கேல், பென்சில், மைப்பேனாதான். பெரும்பாலான படங்களுக்குத் தலைப்புகூட வைக்கவில்லை.

உருவம், அலங்காரம், கதை அனைத்தையும் நீக்கிவிடும் இத்தகைய கலையை மினிமலிசம் என்கிறார்கள். 1960-களில் நியூயார்க்கில் இது ஓர் இயக்கமாக வளர்ந்தது. அதன் முக்கியச் சிற்பியான கார்ல் ஆந்த்ரே, 1960 முதல் 1964 வரை ரயில்வேயில் பிரேக்ஸ்மேனாகவும் கண்டக்டராகவும் வேலை பார்த்தவர் என்று அறிந்தபோது எனக்கு வியப்பு. 120 செங்கற்களை அவர் இரண்டடுக்காகத் தரையில் வைத்த சிற்பத்தை லண்டன் டேட் கலைக்கூடம் வாங்கியது. 1976-இல் பத்திரிகைகள் அதைக் கேலி செய்தன. சிரித்தவன் நான் மட்டுமல்ல!

நஸ்ரீன் அந்த அமெரிக்கக் குழுவைச் சேர்ந்தவர் அல்லர். தம் வழியில் தனியே அங்கு வந்தவர். பிற்காலத்தில் ஒரு நோய் அவர் உடலசைவுகளைத் தடுமாற வைத்தது. 1990-இல் காலமானார். ஆனால் அந்த நாட்களிலும் அவர் கோடுகள் தடுமாறவில்லை.

இதைப் படித்த இரவு, பழைய பேனாவைத் தேடி எடுத்து இருபது இணைகோடுகள் இழுக்க முயன்றேன். ஏழாவது கோட்டில் என் கை நடுங்கிவிட்டது. அலங்காரம் நிறைந்த படத்தில் பிழை ஒளிந்துகொள்ளும். தனிக் கோட்டில் ஒளிய இடமேது?

நம் பெங்களூரிலேயே, பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்த பிரபாவதி மேப்பயில், வெள்ளைப் பூச்சிட்ட பலகைகளில் செப்புக் கம்பிகளைப் பதித்துக் கோடுகளாக்குகிறார். 2013-இல் அவருடைய படைப்புகள் வெனிஸ் பியனாலேயில் இடம்பெற்றன. தகப்பன் தொழிலின் கருவியே அவருக்குத் தூரிகை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்படி ஒரு படத்தைக் காட்டினால், என்னைப் போல் சிரிக்காதீர்கள். ஸ்கேலும் பேனாவும் எடுத்து, அவர்களோடு அமர்ந்து பத்துக் கோடுகள் இழுத்துப் பாருங்கள்.