பால்பண்ணைப் பத்திரிகையில் வந்த கதைகள்

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி சின்னது, பதில்தான் கொஞ்சம் சுற்றிப் போகும். அயர்லாந்து இலக்கியம் என்றதும் ஏன் சிறுகதை ஞாபகம் வருகிறது? கதை சொல்வது அவர்கள் ரத்தத்தில் ஊறியது என்பார்கள். நான் நம்புவதில்லை. பாட்டி கதை சொல்லாத நாடு எது?

ஒரு பத்திரிகையிலிருந்து தொடங்கலாம். 1904-ல் டப்ளினில் 'ஐரிஷ் ஹோம்ஸ்டெட்' என்றொரு வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. விவசாயக் கூட்டுறவு இயக்கத்தினுடையது. பால், வெண்ணெய், பாலிலிருந்து ஆடை பிரிக்கும் இயந்திரத்துக்கு விளம்பரம். அந்த இயக்கத்தில் இருந்த எழுத்தாளர் ஜார்ஜ் ரஸ்ஸல், காசில்லாமல் திரிந்த 22 வயது ஜேம்ஸ் ஜாய்ஸிடம், வாசகர்கள் முகம் சுளிக்காத எளிய கதையாகக் கேட்டார். சன்மானம் ஒரு பவுண்டு. ஜாய்ஸ் கொடுத்ததோ, வாதத்தில் விழுந்து செத்த ஒரு பாதிரியாரின் கதை! மூன்று கதைகள் வந்தன. பிறகு போதும் என்றுவிட்டார்கள். அவற்றையும் சேர்த்து 15 கதைகளை 'டப்ளினர்ஸ்' என்று ஜாய்ஸ் தொகுத்தார். 1912-ல் டப்ளின் அச்சகக்காரர் அச்சடித்த தாள்களையே அழித்துவிட்டார். புத்தகம் 1914-ல் லண்டனில்தான் வெளிவந்தது. தேசம் தன்னைப் பற்றிக் கேட்க விரும்பியது வேறு, ஜாய்ஸ் சொன்னது வேறு. (1993-ல் அதே தேசம் அவர் முகத்தைப் பத்துப் பவுண்டு நோட்டில் அச்சடித்தது தனிக்கதை.)

அயர்லாந்து என்றதும் சிறுகதை ஞாபகம் வருவதற்கு ஐரிஷ் சிறுகதையாளர் ஃபிராங்க் ஓ'கானர் ஒரு காரணம் சொன்னார். நாவலுக்கு நிலைபெற்ற சமூகம் வேண்டும். ஓரத்தில் ஒதுங்கிக் கிடப்பவர்களின் வடிவம் சிறுகதை. ரஷ்யாவையும் அமெரிக்காவையும் அயர்லாந்தோடு ஒரே வரிசையில் வைத்தார். எனக்கு இது பாதிதான் சம்மதம். ரஷ்யர்களிடம் டால்ஸ்டாய் இல்லையா? நாவலுக்கும் சிறுகதைக்கும் நடுவே உள்ள கோடும் அவ்வளவு கறாரானதல்ல; 'யுலிசிஸ்' நாவல்கூட முதலில் டப்ளினர்ஸுக்கு ஒரு சிறுகதையாகத்தான் ஜாய்ஸின் மனதில் உருவானது.

ஆனால் ஓ'கானரின் கதையைப் படித்தால் அவர் வாதம் உறைக்கும். அயர்லாந்தின் உள்நாட்டுப் போரில் சிறையிருந்தவர் அவர். 1931-ல் வந்த 'கெஸ்ட்ஸ் ஆஃப் தி நேஷன்' கதையில், பிடிபட்ட இரண்டு ஆங்கிலச் சிப்பாய்கள் தங்களைக் காவல் காக்கும் ஐரிஷ் இளைஞர்களோடு சீட்டாடுகிறார்கள். ஒருவன் வீட்டுக் கிழவிக்கு அடுப்பு விறகு சுமந்து தருகிறான். மேலிடத்து உத்தரவு வருகிறது. இருட்டில் சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப்போய் இருவரையும் சுட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்களை என்ன செய்தீர்கள் என்று கேட்கும் கிழவிக்கு யாரிடமும் பதில் இல்லை. வாசலிலேயே மண்டியிட்டு ஜெபிக்கத் தொடங்குகிறாள்.