சில்லில் நோவு, இடுப்பில் சிகிச்சை

மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறவர்களும், மூன்று மணி நேரம் சினிமா பார்த்துவிட்டு எழும்போது "அம்மாடி" என்று முனகுகிறவர்களும், முழங்காலில் எலும்பு தேய்ந்துவிட்டதென்று தாமே தீர்மானித்துக்கொண்டு தைலத்தைத் தேடிப் போவது வழக்கமாயிருக்கிறது. இவர்களில், விசேஷமாக இளம் பிராயத்தினரில், பலருக்குத் தேய்மானமே இராது. முழங்காலின் முன்னுள்ள சில்லும் தொடையெலும்பும் பொருந்துமிடத்தில், பழக்கத்திற்கு மிஞ்சிய சுமை விழுந்ததே பெரும்பாலும் காரணம்.

சில்லு, மூட்டின்மேல் வெறுமனே கவிழ்த்த மூடியல்ல. தொடையின் முன்புறத் தசைநாணுக்குள்ளேயே பொதிந்திருந்து, அந்நாணை மூட்டின் அச்சிலிருந்து சற்றே விலக்கி நிறுத்துவதால், குறைந்த பிரயத்தனத்தில் காலை நீட்ட நமக்குச் சௌகரியம் செய்து கொடுக்கிறது. ஆழமாகக் குந்தும்போது அதன்மேல் விழும் அழுத்தம் உடல் எடையைப் போலப் பல மடங்கு. அதைத் தாங்கத்தான் அதன் பின்புறத்தில் அத்தனை தடித்த குருத்தெலும்பு.

தேர்ந்த பிசியோதெரபிஸ்ட், நோயாளியைத் தாழ்ந்த படியொன்றில் ஒற்றைக் காலில் நிறுத்தி, மற்றக் காலால் மெல்லத் தரையைத் தொடச் சொல்லி, எதிரே நின்று பார்ப்பார். ஊன்றிய காலின் முட்டி பாதத்திற்கு நேராக மடங்காமல் உட்புறம் சரிந்து, இடுப்பும் மறுபக்கம் தாழ்ந்தால், தொடையைத் திருகவிடாமல் பிடித்து நிறுத்தவேண்டிய இடுப்புத் தசைகள் தளர்ந்திருக்கின்றனவோ என்று அவர் சந்தேகிப்பார். ஆகவே, ஒருக்களித்துப் படுத்து மேற்காலை நீட்டியபடியே உயர்த்துவதும், கால்களில் ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடப்பதுமாக அப்பியாசம் தொடங்கும். சுவரில் முதுகைச் சாய்த்து, முட்டியைப் பாதியளவுக்கும் குறைவாக மடக்கி நிமிர்வது அதனுடன் சேரும். "முட்டி வலியென்று வந்தால் இடுப்பை ஆட்டச் சொல்கிறாரே!" என்று முணுமுணுத்து, தசை வலுப்பெறப் பல வாரங்கள் ஆகுமென்பதை அறியாமல், பாதியில் நின்றுவிடுகிறவர்கள் அநேகர். பயிற்சியின்போது தோன்றும் இலேசான வலிக்கு அஞ்சவேண்டியதில்லை. மறுநாளும் அது தணியாவிட்டால் அளவைக் குறைப்பதே விவேகம். பூரண ஓய்வோ, ஏற்கெனவே தளர்ந்த தசைகளை மேலும் தளர்த்தும்.

1986-ல் ஆஸ்திரேலியாவின் ஜென்னி மெக்கானல் விவரித்த, சில்லின்மேல் பிளாஸ்திரி ஒட்டும் முறை, முதல் சில வாரங்களில் வலியைத் தணித்து அப்பியாசத்திற்கு வழிவிடுகிறது. தனித்து நிற்கும் சிகிச்சையல்ல. அல்ட்ராசவுண்டு, மின்தூண்டல் முதலிய யந்திரங்களை இந்நோவுக்குப் பிரயோகிக்க வேண்டாமென்று 2019-ல் அமெரிக்க பிசியோதெரபிஸ்டுகளின் வழிகாட்டி நெறிகள் கூறின. ஆயினும் அவற்றுக்கு மவுசு குறையாததன் காரணம், நோயாளி சும்மா படுத்துக்கிடந்தால் போதும் என்பதே, என்பது என் அபிப்பிராயம்.

முட்டி வீங்கினாலோ, மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டாலோ, அடிபட்டபின் கால் ஊன்றமுடியாமற் போனாலோ, அப்பியாசத்தை ஒத்திவைத்து முதலில் எலும்பு வைத்தியரிடம் காட்டவேண்டும்.