பாண்ட் முடியுற வரைக்கும்னு வந்தவர், 60 வருஷத்துக்கு மேல அங்கேயே இருந்தார்



சேனல்ல வாரத்துக்கு ஒரு தடவையாவது வர்ற கேள்வி இது: "அண்ணா, வேலைக்குச் சேரும்போது பாண்ட்ல கையெழுத்துப் போட்டுட்டேன். இப்போ நான் கேட்காத ஊர்ல போஸ்டிங். பணத்தைக் கட்டிட்டு வெளிய வந்துடலாமா?"

எவ்வளவு கட்டணும், புது வேலையில எவ்வளவு கூட வரும்னு கணக்குப் போட்டா பாதி பதில் கிடைச்சிடும். மீதி பாதிக்கு எனக்கு எப்பவும் ஒருத்தர் ஞாபகம்தான் வரும். அவரும் இதே மாதிரி பாண்ட்ல மாட்டினவர். பேரு வர்கீஸ் குரியன். அமுல் வெண்ணெய் சாப்பிட்டிருப்பீங்க, அதுக்குப் பின்னாடி இருந்த மனுஷர். நவம்பர் 26-ஐ தேசிய பால் தினமா கொண்டாடுறாங்க இல்லையா, அது அவரோட பிறந்தநாள்தான்.

1921-ல் கோழிக்கோட்டில் பிறந்தவர், ஆனா படிச்சது நம்ம சென்னையில. லயோலா கல்லூரியில 1940-ல் இயற்பியல் பட்டம், அப்புறம் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில 1943-ல் மெக்கானிக்கல். அடுத்து ஜாம்ஷெட்பூர்ல டாடா ஸ்டீல். அவரோட நெருங்கிய உறவினர் ஜான் மத்தாய் அப்போ டாடா குழுமத்துல பெரிய பொறுப்புல இருந்தார் (பின்னாடி நாட்டோட நிதியமைச்சரே ஆனார்). "சொந்தக்காரன் தயவுல வந்தவன்"னு பேர் வாங்கப் பிடிக்காம குரியன் அங்கிருந்து கிளம்பிட்டார். அரசு உதவித்தொகையில அமெரிக்கா போக வாய்ப்பு வந்தது. ஆனா பால்பண்ணைப் பொறியியலுக்குத்தான் இடம் இருந்தது. சரின்னு வாங்கிக்கிட்டு மிச்சிகன் போனவர், அங்க உலோகவியலும் மெக்கானிக்கலும்தான் ஆர்வமா படிச்சார்!

திரும்பி வந்ததும் அரசு பாண்டை நீட்டிச்சு. 1949 மே 13-ம் தேதி, குஜராத்ல ஆனந்த்னு ஒரு சின்ன ஊர். அங்க ஓட்டை உடைசலா கிடந்த ஒரு அரசுப் பால்பொருள் நிலையத்துல வேலை. கல்யாணம் ஆகாத, அசைவம் சாப்பிடுற, வெளியூர்க் கிறிஸ்தவருக்கு யாரும் வாடகைக்கு வீடு தரலை. ஒரு கார் ஷெட்டைச் சுத்தம் பண்ணி அதுல தங்கினார். பேச்சிலர்னு சொல்லி வீட்டு ஓனர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவங்களுக்கு இது புரியும். ஆபீஸ்ல வேலையும் பெருசா கிடையாது. ராஜினாமாவை ஏத்துக்கங்கன்னு டெல்லிக்குத் திரும்பத் திரும்ப எழுதிப் போட்டார்.

பக்கத்துலயே கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் இயங்கிட்டு இருந்தது. அந்தப் பகுதிப் பாலை அதுவரைக்கும் போல்சன்னு ஒரு தனியார் டெய்ரிதான் வாங்கிட்டு இருந்தது. வாங்கி பம்பாய்க்கு அனுப்பும், விவசாயிக்கோ சொற்ப விலைதான். அதை எதிர்த்து, சர்தார் படேல் சொன்ன யோசனைப்படி, பாலை ஊத்தாம நிறுத்திப் போராடி, 1946 டிசம்பர்ல விவசாயிகள் ஆரம்பிச்ச அமைப்பு இது. ஆரம்பத்துல ரெண்டு கிராமச் சங்கம், தினம் 247 லிட்டர் பால், அவ்வளவுதான். தலைவர் திரிபுவன்தாஸ் படேல், சுதந்திரப் போராட்டத்துல சிறை போனவர். அவங்களோட பழைய மெஷின் அடிக்கடி படுத்துடும். சும்மா உட்கார்ந்திருந்த குரியன் போய் ரிப்பேர் பண்ணிக் கொடுப்பார். ஒரு கட்டத்துல "இதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க"ன்னார். திரிபுவன்தாஸ் கடன் வாங்கி ஆர்டர் போட்டுட்டார்.

சரியா அந்த நேரம் பார்த்து அரசு குரியனை விடுவிச்சிருச்சு. மூட்டை கட்டியாச்சு. திரிபுவன்தாஸ் வந்து, "மெஷின் வாங்கச் சொன்னது நீங்க. அது வந்து ஓடுற வரைக்குமாவது இருந்துட்டுப் போங்க"ன்னு கேட்டார். குரியனும் இருந்தார். 2012-ல் சாகிற வரைக்கும் அந்த ஊர்லதான் இருந்தார்.

இனி நம்ம சப்ஜெக்ட்டுக்கு வரேன். குரியன் செஞ்ச வேலைய ஃபைனான்ஸ் கண்ணோட பார்த்தா இன்னும் சுவாரசியம்.

குளிர்காலத்துல எருமைங்க பால் நிறையக் கறக்கும், கோடையில குறைஞ்சிடும். பம்பாய்ல குடிக்கிற அளவு வருஷம் பூரா கிட்டத்தட்ட ஒண்ணுதான். அப்போ குளிர்காலத்துல மிஞ்சுற பால்? விலை விழும், இல்லேன்னா பால் வீணாப்போகும். வருமானம் ஏறி இறங்குற ஃப்ரீலான்சர் நண்பர்கள் இதைத் தங்களோட பேங்க் ஸ்டேட்மென்ட்லயே பார்த்திருப்பீங்க. ஒரே வழி, மிஞ்சுறதைப் பவுடராக்கிச் சேர்த்து வைக்கணும். எருமைப் பாலைப் பவுடராக்க முடியாதுன்னு வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிட்டாங்க. அங்கெல்லாம் பசும்பால்தானே! குரியனோட சகா எச். எம். தலாயா முடியும்னு செஞ்சு காட்டினார். 1955 அக்டோபர் 31-ல் நேரு வந்து அந்த ஆலையைத் திறந்து வெச்சார். அதுக்கப்புறம் குளிர்காலத்துலயும் விவசாயி தைரியமா பால் ஊத்த முடிஞ்சது.

அடுத்தது லாபத்தைப் பிரிக்கிற விதம். நீங்க ஒரு கம்பெனி ஷேர் 100 வெச்சிருந்தா, 100 ஷேருக்கான டிவிடெண்ட் வரும், 100 ஓட்டு. பால் கூட்டுறவுல ஆளுக்கு ஒரு ஓட்டுதான், ஒரு எருமை வெச்சிருக்கிறவருக்கும் சரி, இருபது வெச்சிருக்கிறவருக்கும் சரி. வருஷக் கடைசியில மிஞ்சுற பணம், நீங்க எவ்வளவு பால் ஊத்தினீங்களோ அந்த அளவுக்கு போனஸா வரும். போட்ட முதலை விட போட்ட உழைப்புக்குத்தான் அதிக மதிப்பு. நிலமே இல்லாத குடும்பம்கூட ஒரு எருமையை வெச்சு இதுக்குள்ள வர முடிஞ்சது.

மூணாவதா ஒண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1964-ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ஆனந்த் பக்கத்துல ஒரு கிராமத்துல ராத்திரி தங்கிப் பார்த்துட்டு, இதை நாடு முழுக்கச் செய்யச் சொன்னார். 1965-ல் தேசிய பால்வள வாரியம் வந்தது. குரியன்தான் தலைவர், அலுவலகம் டெல்லியில வேண்டாம், ஆனந்த்லதான் வேணும்னு நிபந்தனை போட்டார். திட்டத்துக்குப் பணம்? ஐரோப்பாவுல அப்போ பால்பவுடரும் வெண்ணெய்க் கொழுப்பும் மலையாக் குவிஞ்சு கிடந்தது. அது இங்க இலவசமா வந்து இறங்கினா நம்ம விவசாயியோட விலை படுத்துடும். குரியன் அதை உலக உணவுத் திட்டம் வழியா நன்கொடையா வாங்கி, பாலாக்கி நகரங்கள்ல காசுக்கு வித்து, அந்தப் பணத்தைக் குளிரூட்டும் நிலையங்கள்லயும் டெய்ரிகள்லயும் போட்டார். வந்த போனஸை போன் வாங்காம முதலீடு பண்ற மாதிரி! 1970-ல் ஆரம்பிச்ச 'ஆபரேஷன் ஃப்ளட்' 1996 வரை ஓடிச்சு. 1970-71-ல் சுமார் 2.2 கோடி டன்னா இருந்த நாட்டோட பால் உற்பத்தி, 1995-96-ல் சுமார் 6.6 கோடி டன். நம்ம ஆவினும் ஆனந்த் மாதிரியிலேயே கிராமம், மாவட்டம், மாநிலம்னு மூணு அடுக்குல இயங்குறதுதான்.

அவரைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டிய அவசியமில்ல. வெளிநாட்டுப் பவுடரை நம்பினது, நகரத்துக்கே முக்கியத்துவம் கொடுத்ததுன்னு அப்பவே கடுமையான விமர்சனம் வந்தது. ஆள் பிடிவாதக்காரர், நாற்காலியில ரொம்ப வருஷம் இருந்தார். கடைசியில 2006-ல், தான் வளர்த்த குஜராத் கூட்டுறவு பால் விற்பனைக் கூட்டமைப்போட தலைமையிலிருந்து கருத்து வேறுபாட்டோடதான் விலகினார். அந்த வயசுல அது கசப்பாத்தான் இருந்திருக்கும்.

ஆனா ஒரு விஷயம். இவ்வளவு பெரிய பிராண்ட்ல அவருக்குன்னு பங்கு எதுவும் கிடையாது. விவசாயிகள்கிட்ட வேலை பார்க்கிற ஆளுன்னுதான் தன்னைக் கடைசி வரை சொல்லிக்கிட்டார். நான் இதே கணக்கை என் முதல் வேலையில போட்டிருந்தா "இஎஸ்ஓபி இல்லையா, அப்போ வேண்டாம்"னு கிளம்பியிருப்பேன். உண்மையைச் சொல்லணும்னா அப்படித்தான் ஒரு இடத்தை விட்டுட்டு வந்தேன். அது சரியா தப்பான்னு இன்னும் எனக்கு முடிவு வரலை.

இன்னொரு கொசுறு: ஊருக்கே பால் கொடுத்தவருக்குப் பால் குடிக்கப் பிடிக்காதாம்!

அவரோட கதையிலிருந்து பிறந்த படம் 'மந்தன்', ஷ்யாம் பெனகல் எடுத்தது, 1976. அதுக்குத் தயாரிப்பாளர் யாரு தெரியுமா? குஜராத்தோட 5 லட்சம் பால் விவசாயிகள். ஆளுக்கு 2 ரூபாய், மொத்தம் 10 லட்சம். படம் வந்தப்போ தாங்க பணம் போட்ட படத்தைப் பார்க்க லாரி லாரியா தியேட்டருக்கு வந்தாங்க. நீங்க பார்த்திருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. பாண்ட்ல மாட்டியிருக்கிற நண்பர்கள் உங்க அக்ரிமெண்ட்ல என்ன எழுதியிருக்குன்னும் போடுங்க, அடுத்த வீடியோவுல எடுத்துப் பேசுவோம்.