90 நாளில் ஐ.க்யூ உயருமா? ஃபீஸ் கட்டுவதற்கு முன் இதைப் படிங்க!

ராயகிரி பஸ் ஸ்டாப்பில் தென்காசி பஸ்ஸுக்காக நிற்கிறீர்கள். பஸ் வரக் காணோம். போனை எடுத்து ரீல்ஸைத் தள்ளினால், மூன்றாவதாக ஒரு விளம்பரம் வந்து நிற்கிறது. 'உங்கள் குழந்தையின் ஐ.க்யூ-வை 90 நாளில் உயர்த்துகிறோம். இன்றே சேருங்கள், ஃபீஸில் தள்ளுபடி!'

வீட்டில் எட்டாவது படிக்கும் தம்பியோ தங்கச்சியோ இருந்தால் மனசு லேசாக ஆடத்தானே செய்யும்? 'சேர்த்துவிட்டா என்ன?' என்று அம்மாவும் கேட்பார். பணம் போனாலும் பரவாயில்லை, பிள்ளைக்கு மூளை வளர்ந்தால் சரி என்பதுதான் நம் வீடுகளின் கணக்கு.

ஆனால், பயிற்சி செய்தால் ஐ.க்யூ நிஜமாகவே கூடுமா? ஆராய்ச்சியாளர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக மோதிக்கொள்ளும் கேள்வி இது. பதிலில் 'ஆமா'வும் இருக்கிறது, 'இல்ல'வும் இருக்கிறது. எது எங்கே என்று தெரிந்துகொண்டால் ஃபீஸ் மிச்சம்.

முதலில் ஒரு குட்டி டெஸ்ட்

2, 6, 12, 20, ? அடுத்த எண் என்ன?

யோசிச்சீங்களா? விடை 30. எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் 4, 6, 8 என்று ஏறுகிறது. அடுத்தது 10. இருபதோடு பத்தைக் கூட்டினால் முப்பது.

இப்போது இது: 3, 8, 15, 24, ?

இந்த முறை டக்கென்று 35 என்று சொல்லியிருப்பீர்கள். ஒரே நிமிஷத்தில் உங்கள் அறிவு கூடிவிட்டதா? இல்லை. கேள்வியின் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது, அவ்வளவுதான். ஐ.க்யூ டெஸ்ட்டிலும் இதே கதைதான். ஒரே மாதிரியான டெஸ்ட்டை இரண்டாவது முறை எழுதினால் பெரும்பாலானவர்களுக்குச் சில புள்ளிகள் கூடும். ஓரிரு முறைக்குப் பிறகு அந்த ஏற்றமும் மெல்ல நின்றுவிடும். '90 நாளில் ரிசல்ட்' என்று காட்டப்படும் முன், பின் மார்க் ஷீட்டுகளில் இந்த ஏற்றமும் கலந்திருக்கும். அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஐ.க்யூ என்பது எதன் அளவு?

1905-ல் பிரான்ஸில் ஆல்ஃபிரெட் பினே, தியோடர் சிமோன் என்ற இருவர் முதல் டெஸ்ட்டை உருவாக்கினார்கள். பள்ளியில் யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். 'அறிவு பிறக்கும்போதே முடிவாகிவிட்ட சமாசாரம்' என்ற பேச்சை பினேவே ஏற்கவில்லை.

இன்றைய டெஸ்ட்டுகளில் சராசரி 100. மக்களில் சுமார் மூன்றில் இரண்டு பேர் 85-க்கும் 115-க்கும் நடுவில் வருவார்கள். இது மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தரும் எண். உயரத்தை டேப் வைத்து அளப்பது போன்றதல்ல. அன்றைக்குத் தூக்கம் இல்லை, காய்ச்சல், பதற்றம் என்றால் எண் இறங்கவும் செய்யும்.

79 இலக்கம் சொன்ன மாணவர்

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு கல்லூரி மாணவரை வைத்துப் பரிசோதனை செய்தார்கள். 1980-ல் வெளியான ஆய்வு இது. எண்களை ஒவ்வொன்றாக வாசித்தால், கேட்டு அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அவரால் 7 இலக்கம்தான் முடிந்தது. நீங்களும் நானும்கூட அந்த அளவுதான். சுமார் 230 மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு அவர் சொன்னது 79 இலக்கம்!

எப்படி? அவர் ஓட்டப்பந்தய வீரர். எண்களை எல்லாம் ஓட்ட நேரங்களாக மாற்றி மனசில் அடுக்கிக்கொண்டார். அடுத்து எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தார்கள். ஆறோடு நின்றுவிட்டார்! வளர்ந்தது எண்ணை நினைவில் வைக்கும் வித்தை மட்டும்தான். பொதுவான ஞாபக சக்தி இருந்த இடத்திலேயே இருந்தது.

பிரெயின் கேம் ஆப்களின் கதையும் ஏறக்குறைய இதுவே. 2010-ல் பிரிட்டனில் 11,430 பேரை ஆறு வாரம் மூளை விளையாட்டுகள் ஆட வைத்தார்கள். ஆடிய ஆட்டத்தில் எல்லோரும் தேறினார்கள். ஆடாத டெஸ்ட்டுகளில் அந்தத் தேர்ச்சி எட்டிப் பார்க்கவில்லை. பிரபல ஆப்பான லுமாசிட்டியின் நிறுவனம், ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்த புகாரில் 2016-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

அபாகஸ் வகுப்பு வீணா?

வீண் இல்லை. ஆனால், அது எதைத் தரும் என்று தெரிந்து சேருங்கள். குஜராத்தின் வதோதராவில் 204 பள்ளிக் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து மூன்று வருஷம் கவனித்தார்கள். ஒரு குழுவுக்கு மனக்கணக்கு அபாகஸ், இன்னொரு குழுவுக்கு வழக்கமான கூடுதல் கணக்கு. அபாகஸ் குழுவினர் கணக்குப் போடுவதில் முந்தினார்கள். நினைவுத்திறன் போன்ற அடிப்படை மூளைத் திறன்களில் கூடுதல் வளர்ச்சி தெரியவில்லை. கூட்டல், பெருக்கல் வேகமாக வரவேண்டுமா, தாராளமாகச் சேருங்கள். 'ஐ.க்யூ கூடும்' என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கும் 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூக்கு ஓரத்து இடுக்கை அடைத்துவிட்டால் அந்த வித்தை படுத்துவிடும். அந்தப் பக்கமே போகாதீங்க!

கரும்பு வெட்டுக்கு முன், வெட்டுக்குப் பின்

அப்படியென்றால் எண் அசையவே அசையாதா? அசையும். நம் தமிழ்நாட்டிலேயே அசைந்திருக்கிறது.

கரும்புக்காரர்கள் பிழைப்பு சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கம் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. வெட்டு உத்தரவு வருகிற வரை கடன், வெட்டிப் பணம் கைக்கு வந்தால் மூச்சு. இதே நிலையில் இருந்த 464 சிறு விவசாயிகளை விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்து 54 கிராமங்களில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சந்தித்தார்கள். 2013-ல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வு வெளியானது.

கரும்பு வெட்டுக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை அதே ஆட்களுக்கு டெஸ்ட். ஐ.க்யூ சோதனைகளில் வரும், படத்தில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கும் கேள்விகள்தான். வெட்டுக்கு முன் 78 சதவிகிதம் பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். பின்பு அது 4 சதவிகிதம். சரியான விடைகளோ, வெட்டுக்குப் பிறகு ஏறக்குறைய கால்வாசி கூடின!

'இரண்டாவது முறை எழுதினதால கூடியிருக்கும்' என்று நீங்கள் கேட்கலாம். கரெக்ட்டான கேள்வி. அதற்காகவே 100 விவசாயிகளை முதல் சுற்றில் சேர்க்காமல், வெட்டு முடிந்த பிறகு முதல் முறையாக எழுத வைத்தார்கள். அவர்களும் நன்றாகவே செய்தார்கள். ஆய்வாளர்களின் விளக்கம் இதுதான்: கடன் கவலை மூளையின் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, மீதிதான் கேள்விக்குக் கிடைக்கிறது. இந்த முடிவைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. ஆனால், வட்டி கட்ட வேண்டிய தேதி நெருங்கும்போது நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன!

நிஜமாகவே ஏற்றுவது பள்ளிக்கூடம்

இதுவரை கிடைத்ததில் பலமான ஆதாரம் உள்ள 'பயிற்சி' எது தெரியுமா? சாதாரணப் பள்ளிப் படிப்பு. ஆறு லட்சம் பேருக்கும் மேலானவர்களின் தகவல்களைச் சேர்த்து 2018-ல் வெளியான ஆய்வின்படி, கூடுதலாகப் படிக்கும் ஒவ்வொரு வருஷமும் ஐ.க்யூ-வை 1 முதல் 5 புள்ளி வரை உயர்த்துகிறது. அந்த ஏற்றம் வயதான பிறகும் தங்குகிறது. பத்தாவதோடு நின்றுவிட நினைக்கும் பிள்ளையைப் பன்னிரண்டாவது வரை கொண்டுபோவதற்கு ஈடான 'ஐ.க்யூ கோர்ஸ்' எந்த ஊரிலும் கிடையாது.

சரி, அப்போ என்ன செய்யலாம்?

* எட்டாவது படிக்கும் பிள்ளை அரசுப் பள்ளியிலோ, உதவி பெறும் பள்ளியிலோ இருந்தால் என்.எம்.எம்.எஸ் தேர்வு எழுத வையுங்கள். அதில் மனத்திறன் பகுதிக்கு மட்டும் 90 கேள்விகள். எண் தொடர், படத் தொடர், சங்கேதம் என்று எல்லாமே பழகினால் பிடிபடுபவை. இங்கே மூளை வளர்ந்ததா என்ற கவலையே வேண்டாம், மார்க் வந்தால் போதும். தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய், மொத்தம் 48,000. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.
* பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துப் போட வையுங்கள். தப்பான விடைகளை மட்டும் தனி நோட்டில் எழுதி, வாரம் ஒரு முறை திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.
* தேர்வுக்கு முந்தைய ராத்திரி போனை வாங்கி வைத்துவிட்டுத் தூங்க வையுங்கள்.
* சமையலுக்கு அயோடின் உப்பு. குறிப்பாக, வீட்டில் கர்ப்பிணி இருந்தால். வயிற்றில் இருக்கும்போது அயோடின் குறைந்தால் பிள்ளையின் ஐ.க்யூ பாதிக்கப்படும் என்பது உறுதியான விஷயம்.
* வீட்டுக் கடன் பேச்சைப் பரீட்சை நேரத்திலாவது பிள்ளை காதில் போடாதீர்கள்.

பஸ் வந்துவிட்டதா? ஏறுவதற்கு முன் கடைசியாக ஒன்று: 4, 10, 18, 28, ?

சட்டுனு 40 வந்துச்சா? அதுதாங்க பயிற்சி. இதுக்கு ஃபீஸ் கிடையாது!