மாரடைப்பு சிகிச்சை: குறைந்தது ஸ்டென்ட் விலை, குறையாதது தாமதம்

புது தில்லி: தலைநகரில் இதய நோய்க்கான பெரிய மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும், மாரடைப்பு நோயாளி மருத்துவமனைக்கு வந்துசேரும் வரை காத்திராமல் அவரது வீட்டு வாசலுக்கே சிகிச்சையைக் கொண்டுசெல்லும் சோதனை முயற்சி 2019 ஏப்ரலில் இங்குதான் தொடங்கப்பட்டது. "மிஷன் தில்லி" என்னும் பெயரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வகுத்த அத்திட்டத்தின்படி, எய்ம்ஸ் மருத்துவமனையைச் சுற்றி 3 கி.மீ. தொலைவுக்குள் யாருக்கேனும் நெஞ்சுவலி என்று தகவல் வந்தால், பயிற்சி பெற்ற செவிலியர் இருவர் மோட்டார் சைக்கிளில் விரைவார்கள். அங்கேயே எடுக்கப்படும் இசிஜி பதிவு எய்ம்ஸ் மருத்துவர்களின் பார்வைக்குச் செல்லும். மாரடைப்பு என உறுதியானால், அவர்களது ஆலோசனையின் பேரில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி வீட்டிலேயே போடப்படும். அதன் பிறகே ஆம்புலன்ஸ் பயணம்.

நாட்டின் முதன்மையான மருத்துவமனையிலிருந்து 3 கி.மீ. தொலைவில் வசிப்பவருக்கே இந்த ஏற்பாடு தேவைப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனியில் கட்டி உருவாகி, பாதை முற்றிலும் அடைபட்டுவிட்டால், அதற்கு அப்பாலுள்ள தசை நிமிடத்துக்கு நிமிடம் மடியத் தொடங்குகிறது. மடிந்த தசை மீண்டும் உயிர் பெறுவதில்லை. அடைப்பை எதைக் கொண்டு நீக்கினோம் என்பதற்கு இணையாக, எப்போது நீக்கினோம் என்பதும் நோயாளியின் எஞ்சிய வாழ்வைத் தீர்மானிக்கிறது.

2016-இல் இந்தியாவில் நிகழ்ந்த மரணங்களில் 28.1 சதவீதம் இதய, ரத்தநாள நோய்களால் ஏற்பட்டவை. 1990-இல் இது 15.2 சதவீதமாக இருந்தது. இந்திய மருத்துவமனைகள் 89-இல் சேர்க்கப்பட்ட 20,468 நோயாளிகளைப் பற்றி, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2008-இல் "லான்செட்" இதழில் வெளியானது. நோய்க்குறி தோன்றியதிலிருந்து மருத்துவமனையை அடைய ஆன நேரத்தின் இடைநிலை அளவு 360 நிமிடம். அதாவது 6 மணி நேரம். ஆனால், மருத்துவமனைக்குள் நுழைந்த பிறகு கட்டியைக் கரைக்கும் மருந்து செலுத்த ஆன நேரம் 50 நிமிடமே. தாமதத்தின் பெரும்பகுதி வீட்டிலும் சாலையிலும்தான் நேர்ந்தது. 30 நாள்களுக்குள் இறந்தவர்கள் வசதி படைத்தோரில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம்.

விலைக் கட்டுப்பாடு: ஏழைகளுக்கும் சிகிச்சை எட்ட வேண்டும் என்ற நோக்கில் மத்திய அரசு எடுத்த நடவடிக்கைகளில் முக்கியமானது ஸ்டென்ட் விலைக் கட்டுப்பாடு. தில்லி வழக்கறிஞர் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கைத் தொடர்ந்து, 2016-இல் ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2017 பிப்ரவரியில், தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் சாதாரண உலோக ஸ்டென்ட்டுக்கு ரூ.7,260, மருந்து பூசப்பட்ட ஸ்டென்ட்டுக்கு ரூ.29,600 என வரி நீங்கலாக உச்ச வரம்பு விதித்தது. அதுவரை ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்கப்பட்ட பொருள் இது. பின்னர் இவ்வரம்பு அவ்வப்போது திருத்தப்பட்டு வருகிறது. எனினும், சிகிச்சைக்குத் தேவையான பலூன், கதீட்டர் போன்றவற்றுக்கு அந்த உத்தரவு வரம்பு விதிக்கவில்லை.

விலை குறைந்தது நல்லதே. ஆனால் ஸ்டென்ட் எப்போது உயிர் காக்கும் என்பதில் மக்களிடம் இன்னும் தெளிவில்லை. நடக்கும்போது மட்டும் வந்து, ஓய்வில் மறையும் நிலையான நெஞ்சுவலி உள்ளவர்கள் 5,179 பேரிடம் நடத்தப்பட்டு 2019-இல் அறிவிக்கப்பட்ட "இஸ்கிமியா" ஆய்வில், இந்தியா உள்பட 37 நாடுகள் பங்கேற்றன. மருந்துகளோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸ் சேர்த்துப் பெற்றவர்களுக்கும், மருந்துகளோடு தொடங்கியவர்களுக்கும் இடையே மரண விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வலி குறைவதில் பலன் உண்டு. தமனி முழுதாக அடைபட்ட மாரடைப்பின் கதையோ வேறு. அங்கு ஆஞ்சியோபிளாஸ்டியே தலைசிறந்த சிகிச்சை, நேரத்தில் கிடைத்தால்.

கிடைக்காதபோது என்ன செய்வது? 120 நிமிடங்களுக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய வாய்ப்பில்லை என்றால், முதலில் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட வேண்டும் என்பது இன்று ஏற்கப்பட்ட நெறி. இதற்கான பழைய மருந்தான ஸ்ட்ரெப்டோகைனேஸை உள்நாட்டிலேயே தயாரிக்கும் தொழில்நுட்பத்தை சண்டீகரில் உள்ள நுண்ணுயிர் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. விலை மலிவு; ஆனால் 30 முதல் 60 நிமிடம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். புதிய மருந்தான டெனெக்டிபிளேஸ், உடல் எடைக்கு ஏற்ப ஒரே ஊசியாக சில விநாடிகளில் போடத்தக்கது. சிறு மருத்துவமனையிலும் ஆம்புலன்ஸிலும் சிகிச்சையைத் தொடங்க முடிவது இதனால்தான். மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டிருந்தவர்கள் போன்றோருக்கு இவ்வகை ஊசிகள் கூடா. ஆகவே இசிஜி-யைப் பார்த்து முடிவு சொல்ல அனுபவமுள்ள மருத்துவர் மறுமுனையில் இருந்தாக வேண்டும்.

தமிழக அனுபவம்: இதை ஒரு முறையாகவே செய்துகாட்டியது தமிழ்நாடு. பெரிய மருத்துவமனை ஒன்றை மையமாகவும் சிறு மருத்துவமனைகளைக் கிளைகளாகவும் கொண்டு, 108 ஆம்புலன்ஸ்களையும் இணைத்து உருவாக்கப்பட்ட நான்கு தொகுப்புகளில், 2012 முதல் 2014 வரை 2,420 மாரடைப்பு நோயாளிகள் கண்காணிக்கப்பட்டனர். கிளையில் ஊசி; பின்னர் மையத்தில் ஆஞ்சியோகிராம். திட்டத்துக்கு முன் 35 சதவீதத்தினருக்கே கிடைத்த ஆஞ்சியோகிராம், பின்னர் 60.8 சதவீதத்தினருக்குக் கிடைத்தது. ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. புதிய கருவி எதுவும் கண்டுபிடிக்கப்படாமல், இருந்தவற்றை ஒழுங்குபடுத்தியதால் கிடைத்த பலன் இது.

கர்நாடகத்திலும் இதே பாணியில் தாலுகா மருத்துவமனைகளை பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனையுடன் இணைத்து, டெனெக்டிபிளேஸ் ஊசியை இலவசமாக வழங்கும் திட்டம் வந்துள்ளது. 2021-இல் 46 வயதில் திடீரெனக் காலமான நடிகர் புனீத் ராஜ்குமாரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டுள்ளது.

எந்த அரசாலும் எளிதில் குறைக்க இயலாதது நோயாளியின் வீட்டில் கழியும் நேரம். வாயுத் தொல்லை என்று எண்ணி ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பவர்கள் எல்லா மாநிலங்களிலும் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கும், பெண்கள் பலருக்கும், வலி பெரிதாகத் தெரியாமல் மூச்சுத்திணறல், வியர்வை, களைப்பு மட்டுமே தோன்றலாம். முதலில் எடுக்கும் இசிஜி இயல்பாக இருப்பதும் உண்டு. அத்தகையோருக்குச் சிறிது நேரம் கழித்து மீண்டும் இசிஜி எடுப்பதுடன், இதயத் தசை சிதைவைக் காட்டும் ட்ரோபோனின் என்னும் ரத்தப் பரிசோதனையும் அவசியம். நுண்ணுணர்வு மிக்க புதிய வகை ட்ரோபோனின் பரிசோதனையை ஒரு மணி நேர இடைவெளியில் இருமுறை செய்தாலே பெரும்பாலானோருக்கு மாரடைப்பு உண்டா, இல்லையா என்று சொல்லிவிட முடிகிறது. அந்த ஒரு மணி நேரம் நோயாளி மருத்துவமனையில் இருக்க வேண்டும். வீடு திரும்பும் ஆட்டோவில் அல்ல.