லயத்துப் பிள்ளை ஓடியாட இடம் எங்கே?

உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளியிட்ட வழிகாட்டல், மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து விளையாட வேண்டும் என்றும், அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்றும் கூறுகிறது. தொலைக்காட்சி, கைப்பேசி போன்றவற்றின் முன் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நேரமே திரை நேரம் எனப்படுகிறது. அது இந்த வயதில் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது, இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு அறவே வேண்டாம் என்பதும் அந்த வழிகாட்டலின் கருத்தாகும். இந்த அளவுகளைப் பதுளை மாவட்டத்தின் பசறை, நமுனுகுல, மடுல்சீமை, அப்புத்தளைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வைத்துப் பார்த்தால், பிள்ளையின் ஓட்டத்தையும் திரை நேரத்தையும் பெற்றோரின் அக்கறையை விட வீட்டின் அமைப்பும் தாயின் வேலை நேரமுமே பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது விளங்கும்.

பிள்ளைகளை அதிகம் அசையச் செய்வது வீட்டுக்கு வெளியே அவர்கள் கழிக்கும் நேரமே என்பது பல நாட்டு ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்ட உண்மையாகும். ஆங்கிலேயர் காலத்தில் தோட்டத் தொழிலாளருக்காகக் கட்டப்பட்ட வரிசை வீடான லயத்திலோ பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்று, முன்னால் இஸ்தோப்பு எனப்படும் ஒடுங்கிய திண்ணை, அதைத் தாண்டினால் தண்ணீர் ஓடும் கான், அதற்கப்பால் சரிவு என்றுதான் இடம் அமைந்திருக்கிறது. அந்தச் சரிவிலும் பிள்ளைகள் பழைய டயரைக் குச்சியால் தட்டி உருட்டுகிறார்கள். சிறு சாக்கை முதுகில் கட்டிக்கொண்டு கொழுந்து பறிப்பதாக விளையாடுகிறார்கள். ஆனால் ஊவாவில் ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மழை அந்த விளையாட்டை நிறுத்திவிடுகிறது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடிய பிறகு, மழைநாளில் பிள்ளையை வெளியே விடத் தாய் அஞ்சுவதை அளவுமீறிய பயம் என்று ஒதுக்க முடியாது. மழை விட்ட பிறகும் குளவிக் கூடும் அட்டையும் அந்த அச்சத்தைத் தணிய விடுவதில்லை. உள்ளே இருப்பது ஒரே காம்பரா என்பதால், பெரியவர்களுக்காகப் போடப்படும் தொலைக்காட்சி பிள்ளைக்கும் சேர்த்தே ஓடுகிறது.

தாய் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்குப் போய், நாட்சம்பளத்துக்குரிய கிலோக் கொழுந்தை நிறைத்துத் திரும்பும் வரை பிள்ளை பிள்ளைக்காம்பராவில், அதாவது இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் என அழைக்கப்படும் இடத்தில், அல்லது பாட்டியிடம் இருக்கிறது. தாய் மத்திய கிழக்கிலும் தந்தை கொழும்பிலும் உழைக்கும் வீடுகளில் பாட்டியின் பொறுப்பு முழுநாளுக்கும் நீள்கிறது. முழங்கால் நோவோடு சரிவில் பேரப்பிள்ளையின் பின்னே ஓட முடியாத பாட்டிக்குக் கைப்பேசியே கைகொடுக்கிறது. சோற்றுக் கோப்பை ஒரு கையிலும் பாட்டு ஓடும் போன் மறு கையிலுமாக அவர் ஊட்டுவதைச் சோம்பல் என்று பழிப்பது அநியாயம். வெளிநாட்டில் இருக்கும் அம்மாவின் முகமும் அதே திரையில்தான் தெரிகிறது. இத்தகைய காணொளி உரையாடலைக் குழந்தை மருத்துவர்கள் மற்றத் திரை நேரத்தோடு சேர்த்து எண்ணுவதில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்டபோது படிப்புக்காக வீட்டுக்குள் வந்த ஸ்மார்ட் போன், பின்னர் இளைய பிள்ளைகளின் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

பிள்ளை எவ்வளவு ஓடியாடுகிறது என்பதில் உணவுக்கும், அதன் குறைவால் குன்றும் வளர்ச்சிக்கும் பங்குண்டு. இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியோர், அதாவது வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர், நாடு முழுவதிலும் சுமார் 17 சதவீதமாக இருக்க, தோட்டப் பகுதிகளில் அது சுமார் 32 சதவீதமாக இருந்தது. வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளை விடக் குறைவாகவே ஓடியாடுகிறார்கள் என்பதை ஜமைக்காவில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே ஒரு மூலையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையை "சொல்பேச்சுக் கேட்கும் பிள்ளை" என்று மெச்சுவதற்கு முன், அதன் வளர்ச்சிப் பதிவேட்டைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டிப் பார்ப்பது நல்லது.

தோட்டங்களில் மாற்றத்தைத் தொடங்க ஏற்ற இடம் பிள்ளைக்காம்பராவே, ஏனெனில் கட்டடமும் பொறுப்பாளரும் பல தோட்டங்களில் ஏற்கெனவே இருக்கின்றன; இல்லாதவை சமதரையான ஒரு முற்றமும், மழைநாளில் பிள்ளைகள் ஓடக் கூரை போட்ட ஒரு திண்ணையும், பிள்ளைகளை உட்கார வைப்பதே நல்ல பராமரிப்பு என்ற எண்ணத்தைக் கைவிடும் பயிற்சியுமே. இத்தகைய முயற்சி பலன் தரும் என்பதற்குச் சான்றும் உண்டு. அதே ஜமைக்காவில் 1980களில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணித்தியாலம் சென்று, தாயோடு சேர்ந்து பிள்ளையை விளையாட வைத்தனர். இரண்டே ஆண்டுகள் நடந்த அந்தப் பணியின் பயன், அப்பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன காலத்தில் அவர்களுடைய வருமானத்திலும் தெரிந்தது. அங்கே பயன்பட்ட விளையாட்டுப் பொருட்கள் வீசியெறிந்த பெட்டிகளிலும் போத்தல்களிலும் செய்யப்பட்டவை.